"கேஸ்தான், ஒன்றுமில்லை": வைத்தியசாலை வாசலின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஓய்வாக இருந்து வாசியுங்கள். அவசரமென்றால் சேமித்து வைத்துப் பிறகு பாருங்கள்.

போன வருடம் எமது குடும்பத்தில் சாச்சி முறையான ஒருவர் மௌத்தானார். வயது 58. நீண்ட காலமாக சீனி வருத்தம், பிரஷரும் இருந்தது. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு மேல்வயிற்றில் எரிச்சல் என்றார். வியர்த்தது. தாடையும் உளைகிறது என்றார். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பல்வலிக்காரர்தானே என்று விட்டு விட்டோம். முதலில் "கேஸ்" என்று சொன்னது வைத்தியசாலை அல்ல, நாம்தான். இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ கொடுத்தோம். குறையவில்லை. இரவு பத்து மணியளவில் ஆட்டோ பிடித்துக் கொண்டு போனோம். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. தயவுசெய்து யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

வாசலில் இருந்தவர் கதிரையை விட்டு எழும்பாமலே கேட்டார். "என்ன செய்யுது?"

"நெஞ்சு கரிக்குது மகன்."

"ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"புட்டும் இறைச்சிக் கறியும்."

அவ்வளவுதான். "கேஸ்தான், ஒன்றுமில்லை. காலையில குறையாட்டி ஓ.பீ.டீ.க்கு வாங்க" என்று இரண்டு குளிசையும் ஒரு பாணியும் தந்தார்கள். நாடி பிடிக்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை. கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்து விட்டோம். உண்மையைச் சொன்னால், திரும்பி வரும்போது எமக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லையாமே! சுபஹுக்கு முன்னர் சாச்சி போய் விட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஈ.ஸீ.ஜி எடுக்க ஐந்து நிமிடம் போதும். எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை அல்லாஹ் மட்டுமே அறிவான். ஆனால் ஜனாஸா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஊர் வேறு, வருத்தம் வேறு, வாசலில் கேட்ட பதில் மட்டும் ஏறத்தாழ ஒன்று. அன்றிலிருந்து எமக்கு ஒரு கேள்வி. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிற நமக்கு இந்த வாசலின் வரலாறு தெரியுமா? யார் முதலில் உள்ளே போகலாம், யார் காத்திருக்கலாம், யார் வீட்டுக்குப் போகலாம் என்று தீர்மானிக்கும் அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது? வாசித்தவற்றில் உறுதியானதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

உலகத்தில் எல்லாவற்றையும் முஸ்லிம்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் எமக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்கும் அப்படிப் படிப்பிப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய பீமாரிஸ்தான் என்ற வைத்தியசாலை வக்ஃபு சொத்தில் நடந்தது. ஏழை, பணக்காரர், ஆண், பெண், ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பாராமல் எடுப்பதற்கென்றே அது எழுதி வைக்கப்பட்டது. வாசலில் யாரையும் திருப்பக் கூடாது என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே எழுத்தில் இருந்திருக்கிறது. ஆனால் வாசலில் ஒரே நேரத்தில் நூறு பேர் நின்றால் யாரை முதலில் எடுப்பது? அதற்கான விடை வைத்தியசாலையில் பிறக்கவில்லை. போர்க்களத்தில் பிறந்தது.

நெப்போலியனின் படையில் டொமினிக் ஜான் லாரே என்று ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் இருந்தார். 1766இல் பிறந்தவர். அன்றைய வழக்கம் என்னவென்றால், சண்டை முடியும் வரை காயப்பட்டவர்கள் களத்திலேயே கிடப்பார்கள். பிறகு எடுத்தாலும் முதலில் தளபதிகள், பிறகு அதிகாரிகள், கடைசியில்தான் சாதாரண சிப்பாய். லாரே இரண்டையும் மாற்றினார். இலேசான குதிரை வண்டிகளை சண்டை நடக்கும்போதே களத்துக்குள் அனுப்பிக் காயப்பட்டவர்களை எடுத்து வரச் செய்தார். இன்றைய அம்பியூலன்ஸின் மூத்தம்மா என்று அதைச் சொல்லலாம். அடுத்து, பதவி பார்க்காமல் காயத்தின் கடுமை பார்த்து வரிசை வைத்தார். உயிர் போகும் நிலையில் இருப்பவன் சிப்பாயாக இருந்தாலும் முதலில் அவன், விரலில் காயப்பட்ட தளபதி காத்திருக்க வேண்டும்.

இதற்குத்தான் பின்னாளில் 'ட்ரியாஜ்' என்று பெயர் வந்தது. பிரெஞ்சில் அதற்குத் தெரிந்தெடுத்தல் என்று பொருள். கம்பளியையும் கோப்பிக் கொட்டையையும் தரம் பிரிக்கிற வேலைக்குப் பாவித்த சொல் அது. எங்கள் கடற்கரையில் வலை இழுத்து முடிந்ததும் மீன் தெரிவார்களே, அதே வேலை. தெரிபவரின் கை பழகிய கையாக இருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் பிரிந்து விடும். பழகாத கையென்றால் நல்ல மீனும் கழிவோடு போகும்.

போர்க்களத்து முறை சாதாரண வைத்தியசாலைகளுக்கு வர நீண்ட காலம் எடுத்தது. அமெரிக்காவில் 1960களில்தான் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இப்படித் தரம் பிரிக்கத் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியாவில் இன்று ஐந்து தரம் வைத்திருக்கிறார்கள். முதலாம் தரத்துக்கு உடனடி. இரண்டாம் தரத்துக்கு 10 நிமிடத்துக்குள். மூன்றாவதற்கு 30, நான்காவதற்கு 60, ஐந்தாவதற்கு 120 நிமிடம். இந்த எண்களை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த எமக்கு அதன் பெறுமதி விளங்குவதில்லை. எங்கள் வாசலில் காசாளர் இல்லை. பாலமுனையில் மீன் பிடிக்கிறவரும் வயல் செய்கிறவரும் பெரிய ஒப்பரேஷன் செய்து கொண்டு ஐந்து சதம் கட்டாமல் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். இதைக் குறைத்துப் பேசுகிற பதிவு அல்ல இது. ஆனால் காசு தடுக்காத இடத்தில் வேறொன்று தடுக்கிறது. நாங்கள் சொல்வதை நம்புகிறார்களா என்பதுதான் இங்கே கேள்வி.

இனி ஹக்கீம் ஷேக்கின் கதைக்கு வருவோம். அவர் ஒன்றும் தலைவரோ செல்வந்தரோ அல்ல. மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. ஆனால் அவர் பெயர் இந்திய உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றில் ஏறி, சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்த பெயராகி விட்டது.

1992 ஜூலை 8ஆம் திகதி இரவு 7.45 அளவில் மதுராபூர் நிலையத்தில் அவர் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் கடும் அடி, மூளைக்குள் இரத்தக் கசிவு. முதலில் மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே வசதி இல்லை. பெரிய இடத்துக்குக் கொண்டு போங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் கல்கத்தாவின் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவசரப் பிரிவு வைத்தியர் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள், உடனே அனுமதிக்க வேண்டும் என்று எழுதியும் விட்டார்கள். ஆனால் கட்டில் இல்லையாம். அடுத்து கல்கத்தா மருத்துவக் கல்லூரி. அங்கும் கட்டில் இல்லை. இரவு ஒரு மணிக்கு சம்புநாத் பண்டிட் வைத்தியசாலை. இது எங்களால் ஆகாது, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். இரண்டு மணிக்கு நஷனல் மருத்துவக் கல்லூரி. கட்டில் இல்லை. விடிந்தது. காலை எட்டு மணிக்கு பாங்கூர் நரம்பியல் நிறுவனம். தனியார் வைத்தியசாலையில் காசு கட்டி எடுத்த ஸ்கேனை அங்கே பார்த்து, கசிவு இருப்பதைக் கண்டார்கள். கண்டு விட்டு, இந்த அவசர நிலையை இங்கே கையாள முடியாது என்றார்கள். பத்து மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். வைத்தியசாலை. அங்கே அந்தச் சத்திரசிகிச்சைக்கு வசதி இல்லையாம்.

ஒரு மாநிலத்தின் தலைநகரம். ஒரே இரவு, அடுத்த நாள் காலை. எல்லாமே அரசாங்க வைத்தியசாலைகள். தலை உடைந்த மனிதன் வாகனத்தில் சுற்றிக் கொண்டே இருக்கிறான். கடைசியில் தனியார் வைத்தியசாலை ஒன்று எடுத்தது. ஜூலை 22 வரை அங்கே கிடந்தார். ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவு. 1992இல் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது எவ்வளவு காலத்து உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். அல்லாஹ்வின் கிருபை, ஆள் பிழைத்துக் கொண்டார்.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? பிழைத்தாயிற்றே என்று ஒரு கந்தூரி கொடுத்து விட்டு மறந்து விடுவோம். ஹக்கீம் ஷேக் அங்கத்தவராக இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கமான பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி, விட்டு விடவில்லை. அவரோடு சேர்ந்து நேரே டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடக்கும்போதே, ஓய்வு பெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் தலைமையில் மாநில அரசு விசாரணைக் குழு ஒன்றை வைத்தது. ஒவ்வொரு வைத்தியசாலையின் பதிவேட்டையும் அந்தக் குழு பார்த்தது. கட்டில் இல்லாவிட்டால் தள்ளுவண்டிக் கட்டிலிலோ தரையிலோ வைத்தாவது உயிராபத்தில் இருப்பவரை எடுக்க வேண்டும், எந்த வைத்தியசாலையில் கட்டில் காலி என்று ஒரே இடத்தில் அறிய ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அது சொன்னது.

தீர்ப்பு 1996 மே 6ஆம் திகதி வந்தது. நீதிபதிகள் எஸ்.சீ. அகர்வாலும் ஜீ.டீ. நானாவதியும். மனித உயிரைக் காப்பது அரசின் தலையாய கடமை. அரசாங்க வைத்தியசாலை நேரத்தோடு சிகிச்சை தரத் தவறினால் அது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையில் உள்ள உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும். காசு இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது. இதுதான் அதன் சாரம். ஹக்கீம் ஷேக்குக்கு 25,000 ரூபாய் நட்டஈடு. அதைவிடப் பெரிது, ஆரம்ப சுகாதார நிலையங்களை மேம்படுத்துவது, கட்டில் விபரத்தை அறியும் மத்திய தொடர்பு ஏற்பாடு, உபகரணங்களுடன் அம்பியூலன்ஸ் என்று நீதிமன்றம் வகுத்த வழிமுறை. அது வங்காளத்துக்கு மட்டுமல்ல, மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முன்னரே, 1989இல், பரமானந்த் கட்டாரா வழக்கில் இன்னொரு விஷயம் தீர்ந்திருந்தது. கார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை, இது பொலிஸ் கேஸ், எமக்கு அதிகாரமில்லை என்று ஒரு வைத்தியசாலை திருப்பி, 20 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள வேறொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். முதலில் உயிரைப் பாருங்கள், பொலிஸ் பிறகு என்றது அந்தத் தீர்ப்பு.

தீர்ப்பு வந்ததால் இந்தியாவில் எல்லாம் சரியாகி விட்டதென்று சொல்லவில்லை. இன்றும் அங்கிருந்து வரும் செய்திகளைப் பார்க்கிறோம். ஆனால் ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு இரவு மணிக் கணக்கோடு பதிவாகி, யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்று ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வாசித்தது. அது எப்படி முடிந்தது? அவர்கள் துண்டுகளை வைத்திருந்தார்கள். எந்த வாசலில் எத்தனை மணிக்கு நின்றோம் என்பதைச் சொல்ல முடிந்தது. நாமோ, சாச்சிக்குத் தந்த குளிசைத் துண்டை அடுத்த நாளே எறிந்து விட்டோம்.

எங்களுடைய 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் உயிர்வாழும் உரிமை என்று தனியாக ஒரு உறுப்புரை இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சுகாதார உரிமையும் இல்லை. தடுப்புக் காவலில் இறந்த ஒருவரின் வழக்கில், 2003இல், எழுதப்படாவிட்டாலும் உயிர்வாழும் உரிமை உள்ளுக்குள் இருக்கிறது என்று எமது உயர் நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக் கொள்ளலாம்.

ஹக்கீம் ஷேக்கின் வருத்தத்தை எல்லா வாசலும் ஏற்றுக் கொண்டது. இடம்தான் இல்லை என்றார்கள். சாச்சிக்கு நடந்தது அதுவல்ல. வருத்தமே இல்லை என்றார்கள். அதற்கு நெருங்கிய கதை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நடந்தது.

ஐஸ்வர்யா அஸ்வத். ஏழு வயது. பெற்றோர் கேரளத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள். 2021 ஏப்ரல் 3, ஈஸ்டர் சனிக்கிழமை. பிள்ளைக்குக் காய்ச்சல், கை குளிர்ந்து போயிருந்தது. மாலை 5.30 அளவில் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு வந்தார்கள். புதுக் கட்டடம், பணக்கார நாடு, எல்லா மெஷினும் இருக்கும் இடம். வாசலில் பிள்ளைக்கு நான்காம் தரம் கொடுத்தார்கள். மேலே சொன்ன கணக்குப்படி 60 நிமிடம் காத்திருக்கலாம் என்பது பொருள். பிள்ளையின் கண்ணில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, பிள்ளை தளர்ந்து போகிறாள் என்று தாயும் தகப்பனும் திரும்பத் திரும்ப எழும்பிப் போய்ச் சொன்னார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் நிலைமை விளங்கி உள்ளே தூக்கிக் கொண்டு ஓடினார்கள். இரவு 9 மணி தாண்டியதும் பிள்ளை இறந்து விட்டாள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி இரத்தத்தில் பரவி உடம்பையே வீழ்த்தி விட்டது. 'செப்சிஸ்' என்பார்கள்.

பெற்றோர் வைத்தியசாலைக்கு வெளியே உண்ணாவிரதம் இருந்தார்கள். மரண விசாரணை நடந்தது. 2023 பெப்ரவரியில் முடிவை வெளியிட்ட துணை மரண விசாரணை அதிகாரி சாரா லின்டன், அந்தப் பிள்ளை எப்படியும் பிழைத்திருக்காமல் போயிருக்கலாம், ஆனால் நேரத்தோடு கண்டு பிடித்திருந்தால் ஒரு சிறு வாய்ப்பாவது இருந்திருக்கும் என்ற வகையில் எழுதினார். அன்றிரவு வேலையில் இருந்த தாதியர் மீது அவர் பழியைச் சுமத்தவில்லை. ஆள் பற்றாத ஒரு பிரிவில் தலைக்கு மேல் வேலை செய்து கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி என்று எண்ணிக்கை வரையறை வேண்டும் என்றார். எமக்கு இதில் மிகப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அதன் பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவில் அந்தப் பிள்ளையின் பெயராலேயே ஓர் ஏற்பாடு வந்தது. நோயாளி மோசமாகிறார், இங்கே யாரும் கேட்கிறார்களில்லை என்று குடும்பத்தினர் நினைத்தால், அவர்களே நேரடியாக மேலிடத்தை அழைத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். தாயின் பதற்றத்தையும் ஒரு நோய்க்குறியாக எழுதிக் கொள்ளும் ஏற்பாடு அது.

நியூயோர்க்கிலும் ஒரு பிள்ளை. ரோரி ஸ்டான்டன், 12 வயது. 2012 மார்ச் கடைசியில் பாடசாலையில் பந்து விளையாடும்போது கையில் சிராய்ப்பு. அடுத்த நாள் காய்ச்சல், வாந்தி, கால் வலி. வயிற்றுக் கோளாறு என்று அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை போன பிறகு வந்த இரத்தப் பரிசோதனை முடிவில் ஆபத்து தெரிந்தது, வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 1ஆம் திகதி இறந்தான். அடுத்த வருடமே அவன் பெயரால் அந்த மாநிலத்தில் செப்சிஸ் விதிமுறைகள் வந்தன.

இந்தக் கதையை வாசித்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை. காரணம் வைத்தியசாலை அல்ல. பாடசாலை.

ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள் "சேர், வயிறு வலிக்குது" என்று வந்து நிற்கிறார்கள்! மாதப் பரீட்சை நாளென்றால் கேட்கவே வேண்டாம். நாமும் கதிரையை விட்டு எழும்பாமல்தான் கேட்கிறோம். "காலையில சாப்பிட்டியா? இல்லையா? அப்ப அதுதான். போய்த் தண்ணியக் குடிச்சிட்டு உட்காரு." இருபது வருடமாக இந்த வாசலில் நாம்தான் இருக்கிறோம். யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை உட்கார வைப்பது என்று நாமும் தரம் பிரிக்கிறோம். நெற்றியில் கை வைத்துப் பார்க்காமல் உட்கார வைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை எமக்குத் தெரியாது. அடிக்கடி வருகிற பிள்ளை என்றால் இன்னும் மோசம், முகத்தைப் பார்த்ததுமே விடையை முடிவு செய்து விடுகிறோம். ஆகவே அந்த இரவு வாசலில் இருந்த அந்த மனிதர் மீது எமக்கு வருகிற கோபம் முழுக் கோபமாக வருவதில்லை.

வைத்தியர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். காலையில் எங்கள் பக்கத்து எந்த ஓ.பீ.டீ.யிலும் போய் நின்று பாருங்கள். தடிமலுக்கும் தேமலுக்கும் வந்தவர்கள் வரிசையில் முன்னால். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு உண்மையில் கேஸ்தான். நூறாவது ஆளைப் பிடிப்பதுதான் அந்த வாசலின் வேலை. களைத்த கண்ணுக்கு அது கஷ்டம்.

அதிலும் பெண்கள் விஷயம் தனி. மாரடைப்பென்றால் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு விழ வேண்டும் என்று படத்தில் பார்த்துப் பழகி விட்டோம். சீனி வருத்தக்காரர்களுக்கு நரம்பு மரத்துப் போயிருப்பதால் அந்த வலியே தெரியாமல் இருக்கலாம். பெண்களுக்குப் பல சமயம் மூச்சு வாங்கல், வியர்வை, ஓங்காளம், தாடை அல்லது முதுகு உளைச்சல், காரணமில்லாத களைப்பு என்றுதான் வரும். இதற்கு மேல் எங்கள் பாஷை வேறு. "நெஞ்சு கரிக்குது", "அடிநெஞ்சு புகையுது", "உள்ளுக்க ஒரு மாதிரி வருது" என்று எங்கள் உம்மாமார் சொல்வதை, சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியருக்கு ஒருவர் "நெஞ்செரிச்சல்" என்று மொழிபெயர்த்தால் கதை முடிந்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் இரவு பத்து மணிக்கு அவசரப் பிரிவில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சிங்கள வைத்தியர்கள் பலர் எங்கள் மக்களுக்கு உயிரைக் கொடுத்து வேலை செய்திருக்கிறார்கள், அதையும் மறக்கவில்லை.

வாசலுக்குப் போகவே பயந்த ஒரு காலமும் எமக்கு இருந்தது. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி கிடைத்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் அடக்கம். இடைப்பட்ட அந்தப் பத்து மாதமும், காய்ச்சல் என்று சொன்னால் பிடித்துக் கொண்டு போவார்கள், மௌத்தானால் எரித்து விடுவார்கள் என்று மூச்சு முட்டலையும் மறைத்துக் கொண்டு வீட்டுக்குள் கிடந்தவர்கள் எமதூரிலும் இருந்தார்கள். எங்கள் பாலமுனை வைத்தியசாலையே அந்த நேரம் கொவிட் சிகிச்சை நிலையமாக இருந்தது. வாசல் மூடப்படவில்லை. மனிதர்கள்தான் வாசலைக் கண்டு ஓடினார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் போகவில்லை. முடியாமல் போனால் மட்டும் போவோம் என்று கடைசி நேரம் வரை பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

இனி நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாம் வைத்தியர் அல்ல. சாச்சியின் கதையிலிருந்து எமது வீட்டில் இப்போது மாற்றிக் கொண்டதை மட்டும் சொல்கிறோம். கிளினிக் கொப்பி கதவுக்குப் பின்னால் பையில் தொங்குகிறது, போகும்போது அதுவும் போகும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிக் கொண்டு போகிறோம். "கேஸ்" என்ற சொல்லை வாசலில் நாங்கள் சொல்வதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறோம், பெயர் வைப்பது அவர்கள் வேலை. "இவருக்குச் சீனி இருக்கு, இது வழமையாக வருகிற வலி இல்லை, ஒரு ஈ.ஸீ.ஜி எடுத்துப் பார்ப்பீங்களா?" என்று மரியாதையாக, ஆனால் இரண்டாம் தடவையும் கேட்கிறோம். சத்தம் போடுவதில்லை. சத்தம் போட்டால் பிரச்சினை நோயாளியை விட்டு எங்கள் மீது திரும்பி விடுகிறது. தந்த துண்டை எறிவதில்லை. வீட்டுக்கு வந்தும் குறையாவிட்டால் காலை வரை பார்ப்பதில்லை, திரும்பவும் போகிறோம். ஆட்டோவைத் தேடுவதற்கு முன் 1990ஐ அழைக்கிறோம். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்பியூலன்ஸ் இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது, காசில்லை. அதற்குள் வருகிறவர்கள் பிரஷரையும் ஒட்சிசனையும் வழியிலேயே பார்த்து விடுகிறார்கள். அப்படி வருகிற நோயாளியை வாசலில் கதிரையில் இருந்து கொண்டே திருப்பி அனுப்புவது கொஞ்சம் கஷ்டம்.

வகுப்பிலும் ஒன்று மாறியிருக்கிறது. "சேர், வயிறு வலிக்குது" என்றால் எழும்பிப் போய் நெற்றியில் கை வைக்கிறோம். போன மாதம் தரம் 7இல் ஒரு மகன், அடிக்கடி சாட்டுச் சொல்கிறவன்தான், அன்றும் வந்து நின்றான். கை வைத்தால் நெருப்பு. வாப்பாவை அழைத்து அனுப்பினோம். டெங்கு. ஒரு கிழமை வாட்டில் இருந்து விட்டு வந்து விட்டான். நேற்று மறுபடியும் வயிற்று வலி என்று வந்தான், கணிதப் பாட நேரத்தில். கை வைத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. சிரித்துக் கொண்டே போய் உட்கார்ந்தான்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயத்தை எடுத்துப் பேசுங்கள். இரவு நேரத்தில் வாசலில் முதலில் பார்க்கிறவர் யார், அவருக்கு அதற்கான பயிற்சி இருக்கிறதா என்பது ஒன்று. நாற்பது வயது தாண்டிய, சீனி அல்லது பிரஷர் உள்ள எவரும் நெஞ்சு, மேல்வயிறு, தாடை என்று எதைச் சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு ஈ.ஸீ.ஜி எடுப்பதை வழக்கமாக்க முடியுமா என்பது மற்றது. மெஷின் பழுதென்றால் ஊரில் சேர்த்துத் திருத்திக் கொடுக்கலாம். அதற்கு முதல் ஆளாக நாம் வருகிறோம்.

இதே போன்ற அனுபவம் உள்ளவர்கள் எமக்குத் தனியாக எழுதுங்கள். வைத்தியசாலையின் பெயரோ வைத்தியரின் பெயரோ வேண்டாம். என்ன வருத்தம், எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன சொன்னார்கள், பிறகு என்ன நடந்தது என்பது போதும். சேர்ந்ததும் ஒன்றாகத் தொகுத்து அந்தக் கூட்டத்துக்குக் கொண்டு போவோம், இன்ஷா அல்லாஹ். சாச்சிக்காக துஆச் செய்து கொள்ளுங்கள்.